யார்க்டவுனிலிருந்து கே.ஆர். மார்க்கெட் வரை: ஏழாம் வகுப்பில் அமெரிக்க வரலாறு

ஏழாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். பெங்களூரில், ஒயிட்ஃபீல்டு போகிற வழியில் ஒரு பள்ளி. பாடத்திட்டம் வெளிநாட்டு வாரியத்தினுடையது. அதில் ஒரு பருவம் முழுக்கத் தொடக்க கால அமெரிக்க வரலாறு. 1607-இல் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் குடியேறியதில் தொடங்கி 1787-இல் அரசியல் சட்டம் எழுதியது வரை போகும். பெற்றோர் கூட்டத்தில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "சோழர் காலமே இவனுக்குச் சரியாத் தெரியல மிஸ், இதுல பாஸ்டன் எதுக்கு?" நியாயமான கேள்வி. எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பத்துப் பன்னிரண்டு பெயர்களும் தேதிகளுமாக மனப்பாடம் செய்ய வைப்பதானால் அது எதற்கும் உதவாது. பிள்ளைகள் தாங்களே உட்கார்ந்து ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருவதானால் கதை வேறு.

வேறு பள்ளிகளில் இதே பாடம் எடுக்கும் தோழிகள் இரண்டு மூன்று பேர், "நீ வகுப்பில் என்னதான் செய்கிறாய், எழுது" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இணையத்தில் தேடினால் இந்தப் பாடத்துக்கு நூற்றுக்கணக்கான செயல்பாடுகள் கிடைக்கும். அட்டைப்பெட்டியில் கப்பல் செய்வது, காகிதத் தொப்பி, இறகு வைத்த கிரீடம், சார்ட் பேப்பரில் கொடி. கத்தரிக்கோலும் பசையும் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு செயல்பாட்டை எடுப்பதற்கு முன் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இதில் குழந்தை எதையாவது தானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறதா? அந்தத் தீர்மானத்துக்கு ஆதாரம் காட்டச் சொன்னால் காட்ட முடியுமா? தொப்பி செய்தால் தொப்பி மட்டும்தான் மிஞ்சும். கீழே சொல்லப்போகிறவை எல்லாம் இந்த இரண்டு கேள்விகளையும் தாண்டி வந்தவை.

எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்டன் துப்பாக்கிச் சூடு. 1770 மார்ச் 5 இரவு, பாஸ்டன் நகரச் சுங்க அலுவலகத்தின் முன்னால் கூடிய கூட்டத்தை நோக்கி பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். மூன்று வாரத்துக்குள் பால் ரெவியர் என்ற வெள்ளிப் பட்டறைக்காரர் அந்தச் சம்பவத்தைச் செதுக்குப் படமாக அச்சிட்டு விற்றார். அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்களில் இன்றும் வருகிற படம் அது. அதை மட்டும் முதலில் பிள்ளைகள் கையில் கொடுப்பேன். ஒரு வார்த்தை விளக்கம் சொல்வதில்லை. "யார் சுடச் சொன்னது? கூட்டம் என்ன செய்துகொண்டிருக்கிறது?" என்று கேட்டு, நோட்டில் எழுதி மூடி வைக்கச் சொல்வேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள். படத்தில் சிப்பாய்கள் அணிவகுத்து வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் கேப்டன் வாளை உயர்த்திக் கட்டளை கொடுக்கிறார். எதிரே நிராயுதபாணியான மக்கள் விழுகிறார்கள்.

அடுத்த வகுப்பில் சாட்சியங்கள் எழுதிய சீட்டுகளைக் கொடுப்பேன். கேப்டன் தாமஸ் பிரெஸ்டன் தான் சிப்பாய்களுக்கு முன்னால் நின்றதாகச் சொன்னார். சுடச் சொல்லவில்லை என்றார். கூட்டத்தில் சிலர் கையில் கழிகள் இருந்தன. பனிக்கட்டிகளும் சிப்பிகளும் பறந்தன. ஊரில் மணிகள் அடித்துக்கொண்டிருந்தன. "சுடு பார்க்கலாம்" என்று கூட்டத்திலிருந்தே கத்தினார்கள் என்று சிலர் சொன்னார்கள். கேப்டன்தான் கத்தினார் என்று வேறு சிலர். தரையில் பனி கிடந்தது, படத்திலோ பனியே இல்லை. இப்போது வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, சாட்சியத்தில் சொன்னபடி ஒவ்வொருவரையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். எட்டு சிப்பாய்கள், ஒரு கேப்டன், மீதிப் பேர் கூட்டம். சிலைபோல அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான், நடிப்பு கிடையாது.

இந்த இடத்தில் வகுப்பு சூடுபிடித்துவிடும். ஒருத்தி தன் சீட்டைப் படித்துவிட்டு, கேப்டனாக நிற்கும் பையனின் தோளைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்துவாள். அவன், "எனக்குப் பின்னாடி துப்பாக்கி இருக்கும்போது நான் ஏன் 'சுடு'ன்னு சொல்லப்போறேன்?" என்பான். இன்னொருவன், "இவரே தப்பிக்கிறதுக்காக முன்னாடி நின்னேன்னு சொல்லியிருக்கலாமே?" என்பான். நான் ஓரமாக நின்று, யார் எந்தச் சீட்டை ஆதாரமாகக் காட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடாது, சீட்டைக் காட்டித்தான் பேச வேண்டும் என்பது விதி. நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்று கடைசியில்தான் சொல்வேன். சிப்பாய்களுக்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ். பிற்பாடு அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவர் ஆனவர். பிரெஸ்டன் விடுதலையானார். சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை. இரண்டு பேருக்கு மட்டும் கொலைக்குற்றத்தைவிடக் குறைந்த தண்டனை, கட்டை விரலில் சூடு.

அப்புறம் மூடி வைத்த நோட்டைத் திறக்கச் சொல்வேன். தான் முதலில் எழுதியதைத் தானே படிக்கும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். ரெவியர் பொய் சொன்னாரா என்று விவாதம் ஆரம்பமாகும். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தால் அதை யார் எடுத்தது, எதற்காக அனுப்புகிறார்கள் என்று இந்தப் பிள்ளைகள் வீட்டில் கேட்கத் தொடங்கிவிட்டதாகப் பெற்றோர் வந்து சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த இரவில் முதலில் இறந்தவர் கிறிஸ்பஸ் ஆட்டக்ஸ். ஆப்பிரிக்க வழியும் அமெரிக்கப் பூர்வகுடி வழியும் கலந்தவர், மாலுமி. 1750-இல் பாஸ்டன் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது: ஃப்ரேமிங்ஹாமில் எஜமானரிடமிருந்து 'கிறிஸ்பஸ்' என்பவர் ஓடிவிட்டார், வயது சுமார் 27, உயரம் 6 அடி 2 அங்குலம், பிடித்துக் கொடுத்தால் 10 பவுண்டு, கப்பல் தலைவர்கள் யாரும் அவரை ஏற்றிச் செல்லக் கூடாது. அது ஆட்டக்ஸைப் பற்றியதுதான் என்று வரலாற்றாளர்கள் பலர் கருதுகிறார்கள். இந்த விளம்பரத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, இதை எழுதியவர் வாயால் சொல்லாத எதையெல்லாம் இதிலிருந்து கண்டுபிடிக்கலாம் என்று கேட்பேன். கப்பல் தலைவர்களை எச்சரித்திருப்பதால் அவர் கடலுக்குப் போவார் என்ற பயம் எஜமானருக்கு இருந்திருக்கிறது என்று ஒரு பெண் சொன்னாள். பரிசுத் தொகையைப் பார்த்து, "அவர் வேலையில கெட்டிக்காரரா இருந்திருக்கணும்" என்றாள் இன்னொருத்தி. சிறைப்படுத்த எழுதிய விளம்பரத்திலிருந்தே ஒரு மனிதரை வெளியே எடுக்கிறார்கள்.

அடிமை முறையை நான் கற்றுக்கொடுப்பது இப்படித்தான், ஆவணத்தின் வழியாக. ஏலம் போடுவதுபோல நடிக்கச் சொல்வது, கையைக் கட்டி வரிசையில் நிற்கவைப்பது போன்ற 'செயல்பாடுகள்' உலகத்தில் பல வகுப்புகளில் நடந்திருக்கின்றன. என் வகுப்பில் அதற்கு இடம் கிடையாது. அந்தக் கொடுமையை ஒரு பீரியடில் நடித்து யாரும் உணர்ந்துவிட முடியாது. நடிக்கும் பிள்ளைக்கு அவமானம் மட்டும்தான் மிச்சம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குள்ளும் யார் எந்தத் தெரு, யார் வீட்டில் யாருக்குத் தனி டம்ளர் என்ற நினைவுகள் இருக்கின்றன. நாற்பது பேர் பார்க்க, ஒரு குழந்தையை 'கீழே' நிற்கவைக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

அதற்குப் பதில் ஃபிலிஸ் வீட்லியைக் கொண்டுவருவேன். 1761-இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டனுக்குக் கொண்டுவந்து விற்கப்பட்டபோது அந்தச் சிறுமிக்கு ஏழு எட்டு வயதுதான். முன்பல் விழுந்திருந்ததை வைத்து வயதைக் கணித்தார்கள். அவளைச் சுமந்து வந்த கப்பலின் பெயரையே அவளுக்கு வைத்தார்கள். 1773-இல் அவருடைய கவிதைத் தொகுப்பு லண்டனில் வெளியானது. இவற்றை எழுதியது இந்தப் பெண்தான் என்று பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள் கையெழுத்திட்ட சான்றிதழ் அதன் முன்பக்கத்தில் இருந்தது. பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வேலை: அந்தப் பதினெட்டுப் பேருக்கு ஃபிலிஸ் எழுதக்கூடிய ஒரு கடிதம். மரியாதையாக எழுத வேண்டும், ஏனென்றால் அவருக்கு வேறு வழி இல்லை. ஆனாலும் உள்ளே இருப்பது தெரிய வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளைத் தமிழிலேயே எழுதச் சொல்வேன். வீட்டில் மட்டுமே தமிழ் பேசிப் பழகிய ஒரு பையன் எழுத்துப் பிழைகளோடு எழுதிய ஒரு கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சரி, வரிக்கு வருவோம். அமெரிக்கக் குடியேற்றங்களின் காகிதங்களுக்கு 1765-இல் பிரிட்டன் வரி போட்ட முத்திரைச் சட்டத்துக்குப் பெரும்பாலான ஆசிரியர்கள் மிட்டாய் விளையாட்டு ஆடுவார்கள். மிட்டாய் கொடுத்துவிட்டுப் பாதியை வரியாகப் பிடுங்குவது. பிள்ளைகளுக்குக் கோபம் வரும், உண்மைதான். ஆனால் எவன் பிடுங்கினாலும் கோபம் வரத்தான் செய்யும். அதிலிருந்து 1765-ஐப் பற்றி என்ன தெரிந்துகொள்வது? நான் செய்வது வேறு. மாடியில் இருக்கும் எட்டாம் வகுப்புதான் லண்டன் பாராளுமன்றம். கீழே ஏழாம் வகுப்புதான் குடியேற்றங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, அதுதான் பணம். எட்டாம் வகுப்பிடம் ஒரு தாள் கொடுத்துவிடுவேன்: ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தது, கஜானா காலி, கடன் மலைபோல ஏறிவிட்டது, அமெரிக்காவில் படை வைத்திருக்கும் செலவு வேறு, பிரிட்டனில் இருப்பவர்கள் ஏற்கெனவே முத்திரை வரி கட்டுகிறார்கள். என்ன செய்வீர்கள்? அவர்கள் வரி போடுவார்கள். செய்தித்தாளுக்கு, பத்திரத்துக்கு, சீட்டுக்கட்டுக்கு, பகடைக்கும்கூட. நிஜத்திலும் இவை எல்லாவற்றுக்கும்தான் வரி போட்டார்கள்.

இந்த விளையாட்டின் உயிர் இருப்பது தபாலில். அட்லாண்டிக்கைத் தாண்டி ஒரு கடிதம் போய்ச் சேர அந்தக் காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், காற்று சரியில்லை என்றால் இரண்டு மாதம். அதனால் கீழே எழுதிய கடிதம் மாடிக்கு அன்றைக்கே போகாது. அடுத்த வரலாற்று வகுப்பில்தான் போகும். பதிலும் அப்படியே. கப்பலாக ஒரு பிள்ளை. கடிதம் வருவதற்குள் இங்கே நிலைமை மாறிவிடும். ஒருமுறை மாடிப் பிள்ளைகள் மனம் இரங்கிச் சீட்டுக்கட்டு வரியை எடுத்துவிட்டுக் கடிதம் எழுதினார்கள். அது வந்து சேர்வதற்கு முன் கீழே எல்லோரும் சேர்ந்து, இனி மாடியிலிருந்து வரும் எதையும் வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டு, கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். கடிதத்தைப் படித்ததும் வகுப்பில் பெரிய சத்தம். "இப்ப என்ன பண்றது மிஸ்? நாம ஏற்கெனவே கையெழுத்து போட்டுட்டோமே!" நிஜத்தில் முத்திரைச் சட்டம் 1765 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது, 1766 மார்ச்சில் லண்டன் அதைத் திரும்பப் பெற்றது, சேதி அமெரிக்கக் கரைக்கு வந்தபோது மே மாதம். திரும்பப் பெற்ற அதே நாளில், எந்தச் சட்டமும் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டத்தையும் பாராளுமன்றம் நிறைவேற்றியது. இதைச் சொன்னவுடன் பிள்ளைகள் எனக்கு முன்னாலேயே அடுத்த பத்து ஆண்டுகளை யூகித்துவிடுவார்கள்.

விளையாட்டு முடிந்தபின் இரண்டு வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிடுவேன். ஏழாம் வகுப்புக்காரர்கள் எப்போதும் சொல்வது, போன கொட்டையைவிட, கேட்காமல் எடுத்ததுதான் வலித்தது என்பது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "எங்களுக்கு இவங்க முகமே தெரியல மிஸ், கணக்குதான் தெரிஞ்சது" என்றான். பேரரசு எப்படி ஆளும் என்பதை அதற்குமேல் நான் என்ன விளக்குவது?

தேநீர்க் கதையைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். 1773 டிசம்பர் 16 இரவு, பிரிட்டன் போட்ட தேயிலை வரியை எதிர்த்தவர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். பிள்ளைகள் அதை அசாம், நீலகிரித் தேயிலை என்று நினைப்பார்கள். இல்லை, அது சீனத் தேயிலை. அசாமில் தோட்டங்கள் வந்தது 1830-களுக்குப் பிறகுதான். ஆனால் விற்றது நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜான் டிக்கின்சன் அந்த ஆண்டு எழுதிய துண்டறிக்கையில், வங்காளத்தில் பஞ்சம் வந்தபோது கம்பெனி அத்தியாவசியப் பொருள்களைப் பதுக்கி லாபம் பார்த்ததைச் சொல்லி, நாளை நமக்கும் இதே கதி என்று எச்சரித்தார். 1770-இன் வங்கப் பஞ்சம் பாஸ்டன் தேநீருக்குள் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளே அம்புக்குறி போட்டு வரைய வேண்டும், அதுதான் வேலை. இது ஒரு பீரியடுக்குள் முடிந்துவிடும்.

தோட்டம் அப்படி இல்லை, ஜூனில் ஆரம்பித்தால் தசரா விடுமுறை வரை ஓடும். வடகிழக்கு அமெரிக்காவின் ஹவுடனோசானி மக்களும் இன்னும் பல பூர்வகுடிகளும் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் போடுவார்கள். 'மூன்று சகோதரிகள்' என்று பெயர். சோளத் தட்டையைப் பிடித்துக்கொண்டு பீன்ஸ் கொடி ஏறும். பீன்ஸின் வேரில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவரும். பூசணி இலை தரையை மூடிக் களை வராமல், ஈரம் போகாமல் காக்கும். எங்கள் பள்ளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணம் பக்கம். நான் விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "எங்க ஊர்ல கேவுரு நடுவுல அவரை போடுவோம் மிஸ், இதே கணக்குதான்" என்றார். அப்புறம் பாடத்தை அவர்தான் எடுத்தார். சோளம் ஒரு சாண் வளர்ந்தபிறகே கொடி விதை போட வேண்டும், முன்னாலேயே போட்டால் கொடி ஏறி நாற்றைச் சாய்த்துவிடும் என்று செய்து காட்டினார். நம் அவரையைப் போடலாமா, அமெரிக்காவிலிருந்து வந்த கொடி பீன்ஸைப் போடலாமா என்று விவாதம் வந்தது. பாதி மேட்டில் இது, பாதி மேட்டில் அது என்று பிள்ளைகள் தீர்மானித்து, வாரா வாரம் அளந்து எழுதினார்கள். பூசணியிலும் கவனம் வேண்டும். மஞ்சள் பூசணிதான் அங்கிருந்து வந்தது, வெள்ளைப் பூசணி ஆசியாவினுடையது.

1621 வசந்தத்தில், பிளிமத்தில் இறங்கிய ஆங்கிலேயர்களுக்குச் சோளம் போடக் கற்றுக்கொடுத்தவர் டிஸ்குவான்டம் என்ற பூர்வகுடி மனிதர். மேட்டுக்குள் மீனைப் புதைத்து எருவாக்கச் சொன்னவர். எங்கள் பள்ளியில் மீன் புதைக்க முடியாது, அதனால் கடலைப் புண்ணாக்கு. (நிலக்கடலையும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான்.) மண்ணில் கை வைத்திருக்கும்போதே டிஸ்குவான்டத்தின் கதையைச் சொல்வேன். அவருக்கு ஆங்கிலம் எப்படித் தெரிந்தது என்று யூகிக்கச் சொல்வேன். 1614-இல் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவன் அவரையும் இன்னும் பலரையும் ஏமாற்றிக் கப்பலில் ஏற்றி ஸ்பெயினில் விற்கப் பார்த்தான். அவர் எப்படியோ இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, 1619-இல் ஊர் திரும்பினால், ஊரே இல்லை. ஐரோப்பியர்களோடு வந்த நோயில் பட்டூக்செட் கிராமம் முழுக்க அழிந்திருந்தது. அந்தக் காலி கிராமத்தின் மேல்தான் பிளிமத்தைக் கட்டினார்கள். அந்த ஆங்கிலேயர்கள் வந்த மேஃப்ளவர் கப்பல், 102 பயணிகள், 66 நாள் கடல், முதல் குளிர்காலத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் சாவு, இவற்றையும் நான் சொல்லாமல் விடுவதில்லை. மைதானத்தில் 100 அடிக்கு 25 அடி கோடு போட்டு, மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் உள்ளே உட்காரவைத்துக் காட்டுவேன். ஆனால் கப்பலில் வந்தவர்களை மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் இறங்கிய ஊர் யாருடையது என்று சொல்லாமல் விட்டால் அது பாதி வரலாறுகூட இல்லை.

இறகுக் கிரீடம் வேண்டாம் என்று நான் சொல்வதும் அதனால்தான். டிஸ்குவான்டத்தின் இனமான வாம்பனோவாக் மக்கள் இன்றும் மாசச்சூசெட்ஸில் வாழ்கிறார்கள், தங்கள் மொழியை ஏட்டிலிருந்து மீட்டுக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். உயிரோடு இருக்கும் மக்களை மாறுவேடப் போட்டிக்கு உடையாக்குவது சரியில்லை.

டிபன் பாக்ஸ் விளையாட்டை எந்த ஆசிரியரும் நாளைக்கே செய்யலாம். மதியம் எல்லோரும் டப்பாவைத் திறந்து, கொலம்பஸ் அமெரிக்கா போய்ச் சேர்ந்த 1492-க்கு முன் நம் ஊரில் இருந்திருக்க முடியாததை எல்லாம் மூடியில் ஒதுக்கி வைக்க வேண்டும். மிளகாய் போகும், தக்காளி போகும், உருளைக்கிழங்கு, குடைமிளகாய், முந்திரி, கொய்யா. ஊரில் எல்லோரும் பெங்களூர் கத்தரிக்காய் என்று வாங்கும் சௌசௌவும் மெக்சிகோ பக்கத்துக் காய்தான், அதுவும் போகும். சோறு, துவரம்பருப்பு, புளி, மிளகு, மஞ்சள், கத்தரிக்காய் மிஞ்சும். எலுமிச்சை சாதம் கொண்டுவந்த பிள்ளைக்கு வர மிளகாயும் கடலையும் போய்விடும், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம், மிளகாய் இல்லாமல் ஒரு குழம்பு வைக்கச் சொல்ல வேண்டும். மிளகுக் குழம்பு செய்முறை கையெழுத்தோடு வந்து சேரும்.

இப்போது பாஸ்டன் எதற்கு என்று கேட்ட பெற்றோருக்கான பகுதி. பருவத்தின் கடைசியில் ஒரு வரைபடம் ஒட்டுவேன், தென்னிந்தியா. ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்த ஊரில் குண்டூசி குத்த வேண்டும். பெங்களூர் என்பதால் தமிழ்ப் பிள்ளைகளின் ஊசிகள் வேலூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, காஞ்சிபுரம், திண்டுக்கல், சென்னை என்று பரவும். அப்புறம் கதை. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கம்பெனிப் படையை நொறுக்கியது. அந்தக் காலத்தில் பிரிட்டனை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த அமெரிக்கர்களுக்கு ஹைதர் தெரிந்த பெயர். பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்றே பெயர். 1782 ஏப்ரலில் ஜோஷுவா பார்னி தலைமையில் அந்தக் கப்பல் டெலவேர் விரிகுடாவில் 'ஜெனரல் மங்க்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பிடித்தது. காஞ்சிபுரம் ஊசிக்காரப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். "எங்க தாத்தா வீட்டுப் பக்கத்துல மிஸ்!" சென்னைப் பிள்ளைகளுக்கு எலிஹூ யேல்: புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர், மதராஸில் சேர்த்த பணம், அமெரிக்காவின் யேல் கல்லூரிக்கு 1718-இல் அவர் பெயர். மதராஸிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றியதில் அவருடைய நிர்வாகத்துக்கு இருந்த பங்கையும் சேர்த்தே சொல்வேன்.

அடுத்து பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ். 1781 அக்டோபர் 19, வர்ஜீனியாவில் யார்க்டவுன். பிரெஞ்சுக் கடற்படை வழியை அடைத்துவிட, வாஷிங்டனிடம் தன் முழுப்படையோடு சரணடைந்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லி, சரணடையும் நிகழ்ச்சிக்குத் தான் வராமல் தன் துணைத் தளபதி ஓ'ஹாராவிடம் வாளைக் கொடுத்தனுப்பினார். ஐந்தே ஆண்டில், 1786-இல், இந்தியாவில் கம்பெனியின் கவர்னர் ஜெனரல். இங்கே பிள்ளைகளுக்கு வேலை: நீங்கள்தான் லண்டன், இவரை அனுப்புவீர்களா? படை எண்ணிக்கை, கடற்படைத் தகவல், தோல்விக்கு மேலதிகாரி கிளிண்டனையும் குறை சொன்ன கருத்துகள், கவர்னர் ஜெனரல் பதவியோடு படைத்தலைமையும் தந்தால்தான் வருவேன் என்று அவர் போட்ட நிபந்தனை, எல்லாம் சீட்டில் இருக்கும். வாக்கெடுப்பு ஒவ்வொரு வருடமும் வேறு மாதிரி வரும்.

வாக்கெடுப்பு முடிந்த சனிக்கிழமை மெட்ரோவில் கே.ஆர். மார்க்கெட். அல்சூரிலிருந்து மெஜஸ்டிக், அங்கே மாறி அடுத்த ரயில். பூக்கடைகளையும் பேருந்து இரைச்சலையும் தாண்டினால் கோட்டையின் டெல்லி வாசல். கெம்பே கவுடா 1537-இல் மண்ணால் கட்டியதை 1761-இல் ஹைதர் கல்லாக்கினார். 1791 மார்ச் 21 இரவு கார்ன்வாலிஸின் படை சுவரை உடைத்து உள்ளே புகுந்தது. கோட்டைத் தளபதி பகதூர் கான் சண்டையில் இறந்தார். அந்தத் தேதியைக் குறித்த கல் சுவரில் இருக்கிறது. அதைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், நான் காட்ட மாட்டேன். சுவரின் பருமனைக் கையால் அளந்து, வாசல் ஏன் இத்தனை முறை திரும்புகிறது என்று வரைந்து வர வேண்டும்.

தோட்டக்கார அண்ணனும் ஒருமுறை எங்களோடு வந்தார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். அதில் பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனிக்குப் போயின என்று சுவரோரம் நின்று சொன்னேன். பாராமகால் என்றால் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அந்தக் கார்ன்வாலிஸ் அமெரிக்காவுல ஜெயிச்சிருந்தா இங்க வந்திருக்க மாட்டாரா மிஸ்?" என்று கேட்டார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். வேறு யாராவது வந்திருப்பார்கள் என்றது ஒரு கட்சி, அவருக்கு வென்றே தீர வேண்டிய கட்டாயம் இருந்தது என்றது இன்னொரு கட்சி. திரும்பி வரும் ரயிலிலும் சண்டை ஓயவில்லை. அடுத்த வாரம் அதையே கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்துவிட்டேன்.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். சாட்சியச் சீட்டுகளைச் சிறிய வாக்கியங்களாகத் திருப்பி எழுதிக்கொள்ளுங்கள்; 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் ஏழாம் வகுப்புக்குக் கடிக்கும். தபால் விளையாட்டுக்கு மாடி வகுப்பு ஆசிரியரின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும், அவர் பாடமும் அதில் போகும். புளியங்கொட்டை வீட்டில் சேர்த்தால் போதும். கோட்டைக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

இன்னும் எனக்குச் சரியாக அமையாதது 1787 அரசியல் சட்டக் கூட்டம். ஃபிலடெல்பியா, கோடை வெயில், ரகசியத்துக்காக ஜன்னல்களை அடைத்துவிட்டு 55 பேர் பேசினார்கள், கடைசியில் 39 பேர் கையெழுத்திட்டார்கள். அதை நடத்துவது எளிது. ஆனால் பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்காக, அடிமைப்படுத்தப்பட்ட ஐந்து பேரை மூன்று பேராகக் கணக்கிட்ட அந்த ஏற்பாட்டைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுபோவது? கணக்குப் பாடமாகவும் ஆகிவிடக் கூடாது, நாடகமாகவும் ஆகிவிடக் கூடாது. நம் அரசியல் சட்ட முகப்புரையையும் அவர்களுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தந்த நாளில் அந்த 'மக்களில்' யார் யார் இருந்தார்கள் என்று பெயர்ப்பட்டியல் எழுதச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்பேத்கரின் அரசியல் நிர்ணய சபை உரைகளிலிருந்து ஒரு பக்கத்தைச் சேர்க்கலாம் என்றும் தோன்றுகிறது. உங்களில் யாராவது இதை வகுப்பில் எடுத்திருந்தால் எப்படி எடுத்தீர்கள் என்று விரிவாக எழுதுங்கள். அடுத்த பருவம் ஆரம்பிப்பதற்குள் எனக்கு அது வேண்டும்.